கற்பூரம் மணத்த கண்ணாடிக் கூடு

போன வாரம் சின்னவள் மயிலாடுதுறைக் கடைத்தெருவில் தலைக்கு ஒரு கிளிப் வாங்கி வந்தாள். பழுப்பும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்தது. "அப்பா, இது ஆமை ஓட்டுல செஞ்சதாம். கடைக்காரர் சொன்னாரு" என்றாள். நான் அதை வாங்கிக் கட்டைவிரலால் பரபரவென்று தேய்த்து மூக்கருகே கொண்டுபோனேன். பெரியவன் சிரித்தான். "என்னப்பா, கிளிப்பப் போயி மோந்து பாக்குற? தின்னப் போறியா?"

அது வெறும் பிளாஸ்டிக். தெரிந்துகொள்ள மோந்து பார்க்கவே வேண்டியதில்லை. கை தானாகப் போய்விட்டது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும்போல இருக்கிறது.

உங்கள் அம்மாவைக் கட்டுவதற்கு முன்னால், தஞ்சாவூரில் அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் வேலை பார்த்தேன். பித்தளை அண்டா, பெண்டுலம் கடிகாரம், காலொடிந்த நாற்காலி, யார் வீட்டுப் பெரியவரோ முறைத்துக்கொண்டிருக்கும் சட்டம் போட்ட படம், எல்லாம் இருக்கும். மழை நாளில் நனைந்த சாக்கும் புளி போட்டுத் தேய்த்த பித்தளையும் கலந்து ஒரு வாடை அடிக்கும். இப்போதும் அம்மா குத்துவிளக்கு தேய்த்தால் எனக்குச் சாமி ஞாபகம் வருவதில்லை, அந்தக் கடைதான் வருகிறது.

பத்தாம் வகுப்பை இரண்டு முட்டு முட்டித் தாண்டியவன் நான். படிப்பு ஏறவில்லையே தவிர, மூக்கு நன்றாக வேலை செய்தது. முதலாளி எனக்கு 'மூக்கன்' என்றே பேர் வைத்துவிட்டார். அந்தக் காலத்துச் சீப்பு, பொடி டப்பா, மூக்குக் கண்ணாடிக் கூடு என்று அழுங்காமை என்ற கடலாமையின் ஓட்டில் செய்த சாமான்கள் சிலது வரும். அதே மாதிரி தோற்றத்தில் பழைய காலத்து பிளாஸ்டிக்கும் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தப் பழைய பிளாஸ்டிக்கைக் கற்பூரம் சேர்த்துச் செய்வார்களாம். விரலால் தேய்த்துச் சூடாக்கினால் கற்பூர வாடை வரும். நிஜ ஓட்டில் அது வராது. ஊசியைக் காய்ச்சி நிஜ ஓட்டில் குத்தினால், தீபாவளிக்கு மத்தாப்புப் பொறி பட்டு முடி கருகுமே, அந்த வாடை. ஆனால் அடுத்தவர் பொருளில் ஓட்டை போட நாம் யார்? இன்னொரு வழி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது. ஈரத் தாளில் மை ஊறியதுபோல, பொடிப் பொடிப் புள்ளியாகச் சேர்ந்து நிறம் திரண்டிருந்தால் நிஜம். பூசியதுபோல ஓரம் வெட்டித் தெரிந்தால் பிளாஸ்டிக்.

இதில் ஒரு வேடிக்கை. நிஜம் என்றால் சட்டப்படி கடையில் வாங்கக்கூடாது, விற்கவும் கூடாது. உயிரோடிருக்கும் ஆமையைக் கொன்று எடுப்பது, தடை போட்டது சரிதான். பொய் என்றால் யாருக்கு வேண்டும்? ஆக இரண்டிலும் கடைக்கு ஒன்றும் இல்லை. எனக்குக் கிடைப்பது "பலே மூக்கா" மட்டும்தான். அதற்கே நான் அலைந்தேன்.

ஒரு நாள் காலையில் பட்டுக்கோட்டைக்கு அந்தப் பக்கம், கடலோரத்து ஊரிலிருந்து வயதான ஒரு முஸ்லிம் அம்மா வந்தார். கூடவே அவருடைய கணவரின் தம்பி காதர் பாய். அந்த அம்மா ஒரு நீலத் துண்டை அவிழ்த்து, உள்ளேயிருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"விலை கேக்க வரல தம்பி. நெசமா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

இறந்துபோன அவர் கணவர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கேப்டனுக்குக் காய்ச்சல் கண்டபோது பதினோரு நாள் பக்கத்திலேயே இருந்து கஞ்சி கொடுத்தாராம். பிரியும்போது கேப்டன் தன் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூட்டை இவர் கையில் கொடுத்துவிட்டாராம். பெருநாளுக்குப் பேரப்பிள்ளைகள் கூடினால் அந்த அம்மா இந்தக் கதையைச் சொல்வார். காதர் பாய் குறுக்கே புகுந்து, அண்ணன் ஏதோ சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் என்று கேலி பண்ணுவார். இந்தத் தடவை பேத்தி கேட்டுவிட்டாளாம், "அப்ப நன்னா பொய் சொன்னாங்களா?" என்று. நன்னா என்றால் அவர்கள் வழக்கில் தாத்தா.

"இன்னிக்குத் தெரிஞ்சுபோவட்டும் மச்சி, அண்ணன் ஓட்டுனது நெசக் கப்பலா காயிதக் கப்பலான்னு" என்றார் காதர் பாய். அண்ணியை அவர் மச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"சிரிச்சுக்க காதரு. தம்பி சொல்லட்டும், அப்புறம் சிரிப்ப."

நான் கூட்டைப் பல்பு வெளிச்சத்தில் பிடித்தேன். புள்ளி புள்ளியாக நிறம் ஊறியிருந்தது. பார்த்தேன் பிள்ளைகளா, நன்றாகவே பார்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடிக்கடி வரும் கல்லூரி வாத்தியார் ஒருவர் அன்று கடையில் உட்கார்ந்திருந்தார். முதலாளி அவரிடம், "இருங்க சார், நம்ம மூக்கன் மோந்தே சொல்லுவான் பாருங்க" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு, சாமியாடி மாதிரி, தேய்த்து மோந்தேன். கற்பூரம் குப்பென்று ஏறியது.

"பிளாஸ்டிக்தாம்மா. பழைய பிளாஸ்டிக்."

"காயிதக் கப்பலேதான்!" காதர் பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். வாத்தியார் என் தோளைத் தட்டினார். அந்த அம்மா கூட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. அந்த கேப்டன் ஏமாத்தியிருப்பான்" என்றார்.

பிறகு கூட்டைச் சுற்றத் துண்டை எடுத்தார். துண்டை உதறியதும் மறுபடியும் கற்பூரம். "துண்டும் மணக்குதேம்மா?" என்றேன்.

"என் கபன் துணி இருக்குற பொட்டியில கெடந்தது தம்பி. நான் மவுத்தாயி கண்ண மூடுனா போத்துற துணி. ஹஜ்ஜுக்குப் போனப்ப ரெண்டு பேருக்கும் வாங்கினோம். அவங்களது அவங்களோட போயிடுச்சு. என்னுதக் கற்பூரம் போட்டு வச்சிருக்கேன், பூச்சி அரிக்காம."

எனக்குக் கற்பூரம் என்றால் கோயில். இல்லாவிட்டால் பிளாஸ்டிக். இன்னொருவர் வீட்டில் அது வேறு எதற்கு இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. நான் மோந்தது அந்தப் பெட்டியின் கற்பூரம், கூட்டினுடையது அல்ல. "அம்மா, இருங்க, இன்னொரு தடவை பாக்குறேன்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வாத்தியார் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் படியிறங்கினார்கள். ஒரத்தநாடு வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்க மெதுவாகத்தான் நடந்தார்கள். ஓடினால் பிடித்திருக்கலாம்.

அன்றோடு வேலையை விட்டேன் என்று எழுதினால் நல்லவனாகத் தெரிவேன். இன்னும் இரண்டு வருஷம் மோந்துகொண்டுதான் இருந்தேன். கடையை விட்டுத் தேங்காய் மண்டி வேலைக்குப் போன பிறகு, ஒரு தடவை பட்டுக்கோட்டை வரை போனவன், மனசு கேட்காமல் அந்த ஊருக்கும் போனேன். காதர் பாய் அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்தார். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"மச்சி மவுத்தாயி எட்டு மாசம் ஆச்சு தம்பி."

நான் நின்றபடியே சொன்னேன். "பாய், அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேன். அது நெச ஓடு."

அவர் மடித்துக்கொண்டிருந்த கைலியைக் கீழே வைத்தார். "எப்பத் தெரிஞ்சுச்சு?"

"அன்னிக்கே."

"நாங்க படியெறங்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையனை அனுப்பி எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார். "அதுக்கப்புறம் மச்சி அந்தக் கதையச் சொல்லவே இல்ல. பிள்ளைங்க கேட்டா, 'உங்க சின்ன நன்னாவக் கேளுங்க'ன்னுடும். எனக்கு என்ன தெரியும்? நான் சிரிக்க மட்டும்தானே செஞ்சேன்" என்றார். கூட்டைப் பற்றிக் கேட்டேன். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது குப்பையோடு போயிருக்கும், பிளாஸ்டிக்தானே என்று யாரும் தேடவில்லை என்றார். நான் சொன்னதை இப்போது யாரிடம் போய்ச் சொல்வது என்று என்னையே கேட்டார். டீ ஆறிப்போய்விட்டது.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். கடை போனால் போகட்டும். அது எந்தக் கப்பல், எந்தத் துறைமுகத்தில் பிரிந்தார்கள், பதினோரு நாளும் கஞ்சியில் என்ன போட்டுக் கொடுத்தார், அந்தக் கேப்டன் பேர் என்ன, எல்லாம் அந்த அம்மா ஒருவருக்குத்தான் தெரியும். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லத் தயாராக இருந்தார். நான் கேட்கவில்லை.