லோக்கல் சேனல் வராத வீடு

எங்கள் வீட்டில் கேபிளை எடுக்க வைத்தவன் என் மகன். பெங்களூரில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தவன் கரும்பைக்கூட முழுசாகக் கடித்து முடிக்கவில்லை, வாசலில் புது டிவி வந்து இறங்கிவிட்டது. மறுநாள் இன்டர்நெட் கம்பியை இழுத்துக்கொண்டு இரண்டு பேர் மாடி ஏறினார்கள். இனிமேல் வேண்டியதை வேண்டிய நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம், எவனுக்காகவும் காத்துக் கிடக்க வேண்டாம் என்று சொல்லி, கேபிள் பாக்ஸைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு அவனே ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தான்.

எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்? மழை பெய்தால் படம் போகும், காற்றடித்தால் சத்தம் போகும். கேபிள்காரனுக்குப் போன் போட்டால் "இந்தா வந்துட்டேன்க்கா" என்பான். அந்த 'இந்தா' ரெண்டு நாள் கழித்து வரும். இப்போது ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வாயால் சொன்னால் போதும், கேட்டது வருகிறது. விளம்பரமும் இல்லை. மத்தியானம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன் என்றால் சாயங்காலம் காபி போடும் நேரம்வரை எழுந்திருக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரருக்குத்தான் அது ஒட்டவே இல்லை. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்வீஸ் முழுக்க "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திய மனுஷனுக்கு வீட்டில் வாயைத் திறக்க மட்டும் நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டும். கேபிள் இருந்தவரை அவருக்கு ஒரே ஒரு பழக்கம் இருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு லோக்கல் சேனல்.

அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கேபிள்காரர்கள் தங்கள் பகுதிக்கென்று சொந்தமாக ஒரு சேனல் ஓட்டுவார்கள். பழைய பாட்டுகள் வரும். பாட்டுக்கு நடுவில் காதுகுத்து, சடங்கு, கடைத்திறப்பு, பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் போட்டோவோடு வரும். கூலிங் கிளாஸ் போட்ட கைக்குழந்தையும் வரும், செத்துப்போன பெரியவரும் வருவார். எங்கள் ஏரியா பழங்காநத்தத்தில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அதில் ஏறிவிடும். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி அதைப் பார்ப்பார். ஏங்க, செத்தவன் பொழச்சவனை எல்லாம் நீங்கதான் கணக்கெடுத்துக் கலெக்டருக்கு அனுப்பணுமா என்று கேட்டிருக்கிறேன். கண்ணை டிவியிலிருந்து எடுக்க மாட்டார்.

பாக்ஸ் போன பிறகு ஏழு மணியானால் கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்க ஆரம்பித்தார். ஒருநாள் மகனிடம் போனில் பேசும்போது, மொட்டை மாடியில் அந்தக் காலம் மாதிரி ஆன்டெனா கட்டினால் லோக்கல் சேனல் வருமா என்று கேட்டார். மகன் சிரித்துவிட்டான். ஆன்டெனாவில் வராது, வேண்டுமானால் மாசச் சந்தா இல்லாத டிஷ் ஒன்று இருக்கிறது, அதிலும் லோக்கல் வராது, அது அந்தக் கேபிள்காரன் கம்பியில் மட்டும்தான் வரும் என்று பொறுமையாகத்தான் சொன்னான். இவர் "சும்மாதான்ப்பா கேட்டேன்" என்று போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

இவருக்கு ஒரே ஒரு அண்ணன், எனக்கு அத்தான். நாலு தெரு தள்ளித்தான் வீடு. அப்பா இல்லாத குடும்பத்தில், பாத்திரக்கடை வைத்துத் தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர்தான். என் மகன் கல்யாணத்தோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோனது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவர்களைக் கல்யாணத்துக்கு அழைப்பதென்றால் புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியாகப் போக வேண்டும். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து அதன் மேல் பத்திரிகையை வைத்து நீட்ட வேண்டும். பத்திரிகை அச்சடித்து வந்த அன்று இவருக்கு டூட்டி. பஸ்ஸில் போகும்போது ஸ்டாப்பில் அண்ணன் நிற்பதைப் பார்த்திருக்கிறார். முதல் பத்திரிகை அண்ணனுக்குத்தான் என்ற சந்தோஷத்தில், படிக்கட்டில் தொங்கியபடியே பையிலிருந்து ஒன்றை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டு விசிலை ஊதிவிட்டார். பஸ் போய்விட்டது. முறைப்படி தட்டோடு அப்புறம் போகலாம் என்பது இவர் நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை பழமும் பூவுமாகப் போய் நின்றோம். "அதான் டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டான்ல, இன்னும் என்னவாம்?" என்று உள்ளே இருந்தபடியே சொல்லி அனுப்பிவிட்டார் அத்தான்.

கல்யாணத்துக்கும் வரவில்லை. மகன் தாலி கட்டியபோது இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு தெருவில் எதிரெதிராக வந்தால் ஒருத்தர் குனிந்து செருப்பைச் சரிசெய்வார், ஒருத்தர் போனை எடுத்து ஏதோ பார்ப்பார். கிழட்டு வயசில் இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

மாசியில் அத்தானுக்கு எழுபதாம் கல்யாணம் என்று அரசல்புரசலாகக் காதில் விழுந்தது. எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. அழையா விருந்தாளியாகப் போக முடியுமா? கல்யாண நாளான வெள்ளிக்கிழமை காலையில் இவர் குளித்து, தேய்த்த வேட்டி சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டேன். எங்கேயும் இல்லை என்றார். மத்தியானம்வரை அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அத்தான் மேல் அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்த வாரம் மிளகாய் திரிக்க மில்லுக்குப் போயிருந்தேன். பின்னால் தூக்குவாளியோடு நின்றவள் அத்தான் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். பிறகு மனசு கேட்காமல் அவளே ஆரம்பித்தாள்.

"எம்புட்டுக் கோவமா இருந்தாலும் நீங்க போயிருக்கணும் மதினி. மூத்தவரு அவரே இம்புட்டு எறங்கி வந்துட்டாருல்ல."

எதில் இறங்கி வந்தார் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க, ஏழு மணிக்கு, லோக்கல் சேனலில் அவர் கல்யாண அழைப்பு ஓடியிருக்கிறது. ஜோடி போட்டோ போடவேண்டிய இடத்தில் அண்ணனும் தம்பியும் இளவட்டமாக ஸ்டுடியோவில் தோளில் கைபோட்டு நிற்கிற பழைய போட்டோ. கீழே, என் தம்பி குடும்பத்தோடு வந்து முன்னே நின்று நடத்தித் தரவேண்டும் என்று பெரிய எழுத்தில். ஊரே பார்த்திருக்கிறது; நாங்களும் பார்த்திருப்போம் என்று ஒருத்தரும் எங்களிடம் சொல்லவில்லை. மண்டபத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தம்பி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அத்தான் மணையில் உட்கார்ந்து வாசலையே பார்த்திருக்கிறார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் அதட்டிய பிறகுதான் தாலியைக் கையில் எடுத்திருக்கிறார்.

அரைத்த பொடியை வாங்கினேனா, காசு கொடுத்தேனா எதுவும் நினைவில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏழு மணிக்கா?" என்பதுதான். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணனுக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரு சொல்லுவா? அதுல வந்துரும்ல. அதுக்குத்தானடி தெனமும் பாத்தேன். ஏழு மணிக்கு நான் பாப்பேன்னு அவருக்கும் தெரியும்."

இத்தனை வருஷம் இவரோடு குடும்பம் நடத்துகிறேன், இந்த மனுஷன் ஏழு மணிக்கு அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அழுகை வந்துவிட்டது. எழுந்திரிங்க, போவோம் என்றேன். கேபிள் இல்லை என்று இப்போது போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள், சாக்கு என்றுதான் நினைப்பார் என்று அசையாமல் உட்கார்ந்துவிட்டார். சரி, கிடங்க என்று நான் மட்டும் கிளம்பினேன்.

அத்தான் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். அவர் சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், என்னைப் பார்த்ததும் வா என்றாள். அவர் வா என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே, எங்கள் வீட்டில் கேபிள் இல்லை, பொங்கலோடு எடுத்துவிட்டோம், அவர் அதைப் பார்க்கவே இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"அவன் பஸ்ஸுல வச்சுக் குடுத்தான், நான் டிவில வச்சுக் குடுத்தேன். கணக்கு நேராப் போச்சு, வந்துருவான்னு நெனச்சேன். ஊரு பூராம் பாத்தத அவன் மட்டும் பாக்கலைன்னு சொல்றியேத்தா, நான் என்ன பச்சப்பிள்ளையா?"

எனக்குப் பொறுக்கவில்லை. நம்பாவிட்டால் நேரில் வந்து பாருங்கள், உங்கள் தம்பி சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று மூத்தவர் என்றும் பாராமல் சத்தம் போட்டுவிட்டேன். அத்தான் எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தானை அக்காதான் போட்டுவிட்டாள். அவர் முன்னால் நடக்க, நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

எங்கள் வீட்டுக்குள் நுழைந்தவரைக் கண்டதும் இவர் எழுந்து நின்றார். அத்தான் இவர் முகத்தைப் பார்க்காமல் நேரே டிவி முன்னால் போய் நின்றார்.

"லோக்கல் சேனல் வைடா."

இவர் ரிமோட்டை எடுத்தார். ஒவ்வொரு கட்டமாகப் போனார். சினிமா வந்தது, கிரிக்கெட் வந்தது, யாரோ வெள்ளைக்காரி கேக் செய்தாள். ரிமோட்டை வாயருகே வைத்து, பழங்காநத்தம் லோக்கல் சேனல் என்று கெஞ்சுகிற குரலில் சொல்லிப் பார்த்தார். அதற்கும் எதையெதையோ காட்டியது. டிவியின் பின்பக்கத்தை அத்தானே குனிந்து எட்டிப்பார்த்தார். கேபிள் கம்பி இருந்த இடத்தில் சுவரில் ஓட்டை மட்டும் இருந்தது. அதில் விரலை வைத்துப் பார்த்தார்.

"வராதுண்ணே" என்றார் இவர்.

"அப்ப நீ பாக்கல."

"பாக்கலண்ணே."

"பாத்திருந்தா?"

"மொத நாளே வந்து பந்தக்கால் ஊண்டிருப்பேன்."

அத்தான் அப்படியே சோபாவில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். இவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். உட்காருடா என்று அத்தான் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். நானும் அக்காவும் அடுப்படிக் கதவை ஒட்டி நின்றோம். காபி போட வேண்டும் என்பதே தோன்றவில்லை.

அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எண்பதாம் கல்யாணத்துக்கு நேர்ல வந்து கூப்புடுறேன்டா. தட்டோட வாரேன். அதுவரைக்கும் இருப்பேன்ல?"

இவர் அண்ணன் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதார்.