எந்தப் பிழைக்கு மாப்பு?

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் பெயர் வந்துவிட்டால், பெட்டி கட்டுவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்க வேண்டும். சொந்தக்காரர், அயலவர், மளிகைக் கடைக்காரர், எப்போதோ வேலிக்காகச் சண்டை பிடித்தவர் என்று ஒருவரையும் விடக்கூடாது. போன வருடம் உம்மாவின் முறை. எங்கள் ஊரான கனமூலையில் உம்மா படியேறிய வீடுகளுக்கெல்லாம் நானும் ஒட்டிக்கொண்டு போனேன். பக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மனிதர்கள் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பதில் எனக்கு ஒரு பைத்தியம்.

பஸ்ஸில் யாருடைய காலையாவது மிதித்துவிட்டால் ‘சமாவென்ன’ என்று சிங்களத்தில் வாய் தானாகச் சொல்லும். ஒஃபீஸில் ‘சொறி’. அதைச் சொல்ல போனிலிருந்து தலையைத் தூக்கவும் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ‘மன்னிக்கவும்’ அறிவித்தல் பலகைகளில் மட்டும் உயிரோடு இருக்கிறது. வீட்டுக்குள் எங்களிடம் ஒரு சொல்லும் கிடையாது. உம்மா என்னை அநியாயமாக ஏசிவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து, “தேத்தண்ணி ஊத்தட்டா?” என்று கேட்பார். நான் “ஊத்துங்க” என்றால் விஷயம் முடிந்தது.

ஆனால் ஹஜ்ஜுக்குப் போகிறவர் வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். “தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழைகள அல்லாஹ்வுக்காக மாப்பாக்கிக்கொள்ளுங்க” என்பார் உம்மா. “மாப்புத்தான். எங்களுக்கும் துஆக் கேளுங்க” என்பார்கள் வீட்டுக்காரர்கள். பிறகு பிஸ்கட் வரும். எந்தப் பிழை என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் அதிசயமாக இருந்தது. வேலிச் சண்டைக்காரர்கூடக் கேட்கவில்லை.

முந்தலில் இருக்கும் சாச்சியின் வீட்டை உம்மா கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். சாச்சி உம்மாவின் கூடப்பிறந்த தங்கை. என் தம்பியின் கல்யாணத்துக்குப் பிறகு அவர் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. நாங்கள் போனால் முகம் கொடுத்துக் கதைப்பார், அவ்வளவுதான். தங்கச்சியின் மனம் நொந்திருக்கும்போது தன் ஹஜ் ஏற்கப்படுமா என்று உம்மாவுக்குப் பயம். ஊரார் தந்த மாப்பெல்லாம் ஒரு பக்கம், இந்த ஒன்று ஒரு பக்கம்.

சாச்சியின் முன்னால் கதிரை நுனியில் உட்கார்ந்து உம்மா அதே வசனத்தைச் சொன்னார்.

“எந்தப் பிழைக்கு ராத்தா?” என்றார் சாச்சி.

கடைசியில் ஒருவர் கேட்டேவிட்டார். எனக்கு எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது. உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அந்த உற்சாகம் போய்விட்டது.

“ஒனக்குத் தெரியும்தானே.”

“நீங்களே சொல்லுங்க.”

உம்மா தரையைப் பார்த்துச் சொன்னார். “ஒன்ட மகளக் கல்யாணம் பேசிப் புத்தளத்தில இருந்து வந்தாங்களே, அவங்க என்கிட்டயும் விசாரிச்சாங்க. பிள்ளைக்கு மூச்சு இழுப்பு இருக்கெண்டு நான்தான் சொன்னன். கேக்கக்குள்ள பொய் சொல்ல மனம் வரல்ல. அதுக்குப் பொறகுதான் அவங்க வராமப் போனது.”

சாச்சி குசினிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

“நான் கேட்டது கல்யாண வீட்டுச் சஹன் சாப்பாட்டப் பத்தி, ராத்தா. சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு ஒரே தட்டச் சுத்தி உக்கார வெச்சிங்க. என்னக் கூப்பிடல்ல. நான் யாரோட எல்லாமோ உக்காந்து சாப்பிட்டன்.”

சாச்சி கோபித்தது ஒன்றுக்கு, உம்மா இவ்வளவு காலமும் பயந்தது வேறொன்றுக்கு. பொதுவாகக் கேட்டதைப் பொதுவாகவே கொடுத்திருந்தால் நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வீடு வந்திருப்போம்.

“சஹனுக்கு மாப்பு,” என்றார் சாச்சி. “மத்தது எனக்குச் செஞ்ச பிழை இல்ல. அவகிட்ட கேளுங்க.”

சாச்சியின் மகள் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது.

பெரியவர்கள் பிள்ளைகளிடம் மாப்புக் கேட்பதை நான் எங்கள் ஊரில் கண்டதில்லை. அதற்கு உம்மா என்ன சொல் எடுப்பார் என்று அந்த நேரத்திலும் வெட்கமில்லாமல் காத்திருந்தேன். அந்தப் பழகிய வசனம் உம்மாவின் வாயில் வரவில்லை.

“மகள், நான் ஒனக்குப் பிழை செஞ்சிட்டன்.”

அவள் தட்டை மேசையில் வைத்தாள். “அவர எனக்குப் புடிச்சிருந்திச்சி, பெரியம்மா.”

பிறகு ஆளுக்கொரு கோப்பையாக எடுத்துக் கொடுத்தாள். “மாப்பு எண்டு சும்மா வாயால சொல்ல ஏலும். ஒங்களுக்கு அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமில்ல. மனசு வரக்குள்ள சொல்றன். நீங்க நல்லபடியாப் போய்ட்டு வாங்க.”

திரும்பி வரும்போது ஆட்டோவில் உம்மா அழுதார். எனக்கு உம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சாச்சியின் மகள்மீது கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை.

மக்காவிலிருந்து உம்மா அடிக்கடி போன் எடுத்தார். வெயில், கூட்டம், கால்வலி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “முந்தல்ல இருந்து கோல் ஏதும் வந்திச்சா?” என்பார். “இன்னும் இல்ல உம்மா” என்பேன்.

உம்மா வந்து இறங்கிய அன்று வீடு நிறைய ஆட்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு சாச்சி எங்கள் வாசலில் ஆட்டோவை நிறுத்தி இறங்கினார். உம்மா ஓடிப்போய்த் தங்கச்சியைக் கட்டிப்பிடித்தார். பிடித்தபடியே, அவர் தோளுக்கு மேலால் எட்டி, ஆட்டோவுக்குள் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.