நாலு மூலையும் தெளிவாக

போன திங்கட்கிழமை காலை. கதவைத் திறந்தால், வாசலில் தாமோதரனின் அக்கா. தாமலிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார்.

"தம்பி, வியாழக்கிழமை அவன் காரியம். மாலை போட ஊட்ல ஒரு போட்டோ கூட இல்லபா. நீதான் கேமராவும் கையுமா அவன்கூட சுத்திக்கினு இருந்தியே... உங்கிட்ட இருக்கும்னு அம்மா சொல்லுது."

"இல்லாம இருக்குமாக்கா? உக்காருங்க" என்று உள்ளே ஓடினேன்.

தாமோதரன் என் சிநேகிதன். கத்தரிக்காயைக்கூட நாலு கேள்வி கேட்காமல் வாங்க மாட்டான் என்று இந்தப் பத்தியிலேயே முன்பு எழுதியிருக்கிறேனே, அவன்தான். மஞ்சள் காமாலை. ஒரே வாரத்தில் முடித்துவிட்டது.

என் கேமராவே அவன் தேர்ந்தெடுத்ததுதான். பட்டுக்கடை முதலாளி ஒருவரின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு விற்க நினைத்தது. கூடவே இரண்டு லென்ஸ். தோல் உறையைப் பார்த்ததுமே நான் விழுந்துவிட்டேன். அவன் விழவில்லை. ஷட்டரைக் காதருகே வைத்து அமுக்கிக் கேட்டான். லென்ஸ்களைக் கழற்றி வெயிலில் பிடித்தான். நீள லென்ஸுக்குள் வெள்ளையாக, சிலந்தி வலை மாதிரி ஏதோ...

"பூசணம். இது வேணாம்."

தறியில் இழை அறாமலிருக்க வீட்டுக்குள் ஈரம் காக்கிற ஊர் இது. பட்டுக்கு நல்லது, லென்ஸுக்கு விஷம்!

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "பொண்ணு பாக்க வரவங்ககூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்கபா!"

"பொண்ணுன்னா அக்கம்பக்கத்துல விசாரிக்கலாம் மொதலாளி. லென்ஸைப் பத்தி யார்கிட்ட விசாரிக்கறது?"

மிச்சமிருந்த லென்ஸுக்குக் கடைசிச் சோதனை. அன்றைய செய்தித்தாளை விரித்து, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றான். நல்ல லென்ஸ் என்றால் நடுவில் மட்டுமல்ல, நாலு மூலையிலும் எழுத்து தெளிவாக விழ வேண்டுமாம். எடுத்தேன்.

"பேப்பர எறக்குடா, உன்னையும் ஒண்ணு எடுத்துடறேன்."

"பிலிம் என்னா மரத்துலயா காய்க்குது? லென்ஸ் நல்லதுன்னு தெரியட்டும். என்னை அப்புறம் எடுத்துக்கலாம்."

லென்ஸ் நல்லதுதான். அப்புறம் கோபுரம் எடுத்தோம், தேர்ச் சக்கரம் எடுத்தோம், சைக்கிள் மிதித்துத் திருமுக்கூடல் போய் மூன்று ஆறும் கலக்கிற இடத்தை எடுத்தோம். எல்லாவற்றிலும் அவன் இருந்தான் — என் தோளுக்குப் பக்கத்தில், "எட்டுல வையி, எட்டுல வையி" என்று லென்ஸ் திறப்பின் அளவு, அபர்ச்சர், சொல்லிக்கொண்டு.

படங்களைப் பாயில் பரப்பினேன். அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இது எங்க ஊரு ஏரி... இது கோயிலு... அவன் எங்கபா?"

அந்தக் கேமராவின் முதல் படத்தை எடுத்துக் கொடுத்தேன். "இதான்க்கா."

"பேப்பர்தான் இருக்குது."

அவர் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல்.

"நகம் கோணலா இருக்குது பாரு... சின்னதுல கதவுல நசுக்கிக்கினான். அவன்தான்." படத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "வேற இல்லியாபா?"

"இல்லக்கா."

முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை தாமலுக்குப் போனேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் செய்தித்தாள். சுற்றி ரோஜா மாலை. துக்கம் விசாரிக்க வந்த ஒரு பெரியவர், மாலையை லேசாக ஒதுக்கி அரிசி விலையைப் படித்துவிட்டுப் போனார். அவ்வளவு தெளிவு!

படத்துக்குப் பொட்டு வைக்க அவன் அம்மாவை அழைத்தார்கள். குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நெற்றி எங்கே? கண்ணாடியின் மேல் விரலை மெல்ல நகர்த்தி நகர்த்தித் தேடினார். பிறகு, இங்கேதான் இருக்கும் என்பதுபோல, தலைப்புச் செய்தியின் நடுவில் வைத்தார்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கப் போகிறீர்களா? செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிச் சோதியுங்கள். யாராவது பிடித்துக்கொண்டு நின்றால்... கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள்.