எங்கள் தாத்தாவின் அப்பா உபதேசியார் அல்ல

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, எங்கள் குடும்ப வரலாற்றைப் புத்தகமாக அடிக்கப்போவதாகச் சொல்லி என்னைப் பிழை திருத்தித் தரச் சொன்னார். பாளையங்கோட்டையில் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அட்டையில் கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு பெரியவரின் படம். எங்கள் தாத்தாவின் அப்பா, மிஷன் காலத்தில் ஊர் ஊராக வேதம் போதித்த உபதேசியார் என்று கீழே போட்டிருந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். வகுப்பில் நானே பெருமையடித்திருக்கிறேன்.

தாத்தா பிறந்த வருடம் மட்டும் இரண்டு பக்கங்களில் இரண்டு விதமாக இருந்தது. சரிபார்க்கலாமென்று கோவில் அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். தாத்தாவுக்கு எதிரே தகப்பன் பெயர் நாங்கள் அறிந்ததுதான். தொழில் என்ற இடத்தில் 'கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர்' என்றிருந்தது. நாலு பக்கம் தள்ளி அதே பெயரில் உபதேசியார். மனைவி வேறு, பிள்ளைகள் வேறு. ஒரே கோவிலில் ஒரே பெயரில் இரண்டு பேர்.

அண்ணனிடம் சொன்னேன். "எழுதுனவன் மாத்தி எழுதிருப்பான். விடுட்டி" என்றார்.

உபதேசியாரின் கொள்ளுப்பேத்தி எங்கள் ஊரிலேயே இருந்தார், ஓய்வுபெற்ற டீச்சர். அட்டையைக் காட்டியதும் முகம் மாறிவிட்டது. அதே படம் அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது.

"இது எங்க தாத்தாவோட அப்பா. ஒங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

அண்ணன் அதை இணையத்திலிருந்து எடுத்திருந்தார். கூச்சத்தோடு, டி.என்.ஏ. சோதனைக்கு எச்சில் தருவீர்களா என்று கேட்டேன்.

"எச்சிதானே. குடுக்கேன்."

இருவரும் குழாயில் துப்பிக் கூரியரில் அனுப்பினோம். ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழி என்றால் கொஞ்சமாவது ஒத்துப்போக வேண்டும். ஒன்றுமே ஒத்துப்போகவில்லை.

சோதனை முடிவு வந்த தாளை அண்ணன் முன்னால் வைத்தேன். படித்தார். பொய்யென்று சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எம்மவளுக்கு மாப்பிள்ளை பாக்குதேன். குழிவெட்டுனவர் பேரைப் போட்டா எவன் வருவான்?"

"அவரு வெட்டுன குழியிலதாண்ணே அந்த உபதேசியாரே கெடக்காரு."

"பையப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

ஊருக்கெல்லாம் குழி வெட்டித் தன் மகனைப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் அவர். அந்த மகன் வாத்தியாரானதால்தான் நாங்கள் வாத்தியாரும் குமாஸ்தாவும் ஆனோம். அவர் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு இன்னொருவர் வீட்டுப் படத்தைக் கும்பிடுகிறோம். வெட்கமில்லை.

என் பெயரைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். உடனே எடுத்துவிட்டார். படத்தை நீக்கும்படி டீச்சர் எழுதிய கடிதத்துக்கு மட்டும் பதில் இல்லை.

அதே அட்டையோடு புத்தகம் வந்துவிட்டது. அதன்படி என் அப்பாவுக்கு ஒரே பிள்ளை, என் தம்பி. வெளியீட்டு விழாவில் அண்ணனோடு நின்று படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். இன்றுவரை நான் அவனோடு பேசவில்லை.