குரு தசைக்குப் பின் மூன்று வெற்றுத் தாள்கள்

மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்கு ஒன்றின் மாடியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் ஜாதகம் கணித்து வருகிறேன். தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தபோது என்னிடம் இருந்தவை ஒரு பெட்டி நூல்களும் நல்ல கையெழுத்தும். அக்கையெழுத்தின்மேல் எனக்குக் கர்வம் உண்டு. ஒரு சொல்லை அடித்துத் திருத்திய ஜாதகத்தை எவர் கையிலும் கொடுத்ததில்லை. எழுதியதில் பிழை கண்டு ஒருவர் படியேறி வரக்கூடும் என்ற அச்சம் எப்போதும் இருந்தது. எழுதாமல் விட்ட பக்கத்துக்காக ஒருவர் வருவார் என்று நான் எண்ணியதே இல்லை.

சென்ற ஆவணியில், மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், கீழே முற்றத்தில் சுக்குப் புடைக்கும் பெண் ஒருத்தி மேலே வந்தாள். முகம் தெரிந்தவள், பேசியதில்லை. பூச்சி அரிக்காதிருக்கச் சுக்கில் பூசும் சுண்ணாம்பு அவள் முழங்கை வரை வெள்ளையாய்ப் படிந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். நேரே சொல்லிடணும், வளைக்கக் கூடாது."

"கேளுங்கம்மா."

"என் வீட்டுக்காரரு ஜாதகத்த எங்க கல்யாணத்துக்கு நீங்கதான் எழுதுனீங்க. நாப்பத்தஞ்சு வயசோட நிறுத்தியிருக்கீங்க. என்ன கண்டு நிறுத்துனீங்க?"

இவ்வூர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஜாதகம் எழுதுவோர், பிறந்தது முதல் முதுமை வரை, இன்ன கிரகம் இன்ன ஆண்டுகளை ஆளும் என்ற தசை வரிசையை முழுவதும் எழுதுவர்; அன்றைக்குத் தேவையான அளவோடு நிறுத்துவோரும் உண்டு. நிறுத்திய இடத்துக்குப் பொருள் எதுவும் இல்லை. மலையாள நாட்டுப் பழைய கணிதர்கள் அப்படிச் செய்வதில்லை. ஆயுள் எந்தத் தசையில் முடியும் என்று கண்டார்களோ அந்தத் தசையோடு எழுத்தை நிறுத்திச் சுபம் என்று முடிப்பார்கள். மரணத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். மிஞ்சிய வெற்றுத் தாள் அதைச் சொல்லும்.

அவள் கணவர் இங்கேயே பிறந்த தமிழர். மாநகராட்சிக்காகக் கால்வாய் தூர்வாரும் வேலை. திருமணமான புதிதில், தம்பி ஒருவனுக்குப் பெண் பார்க்கும் பேச்சில், தம் ஜாதகத்தையும் சேர்த்து ஒரு மலையாளப் பெரியவரிடம் கொண்டுபோயிருக்கிறார். பெரியவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், மூடினார், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தம் கையாலேயே சாயா போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சாயாவில் எல்லாம் தெரிந்துவிட்டது இவருக்கு. பத்தொன்பது ஆண்டுகள் எவரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

"வர்ற கன்னி மாசம், நம்ம புரட்டாசி, கடைசியில அந்தத் தசை தீருது. மோளுக்குக் காக்கநாட்டுப் பக்கம் நர்ஸிங் காலேஜில இடம் கிடைச்சிருக்கு, ஐயா. அவரு கேக்க மாட்டேங்காரு. திருப்பூணித்துறையில ஓட்டல்ல வேலைக்கு நிக்குற ஒரு பையனப் பாத்து வச்சிட்டாரு. கன்னியில கல்யாணம் கூடாது, இந்த ஆவணி, சிங்ஙத்துலயே முடிச்சிடணுமாம். 'நான் போறதுக்கு முன்ன ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும்'னு ஒரே நிப்பு. பிள்ளைக்குப் பதினெட்டுதான் ஆச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாரம் இறங்கிய சிரிப்பு. "அதுல ஒண்ணும் இல்லம்மா. அப்போ படகுத்துறைப் பக்கத்துக் கடையில வாங்குன மெல்லிசு நோட்டுலதான் எழுதுவேன். தாள் தீர்ந்திருக்கும், நிறுத்தியிருப்பேன். வேற எதுவும் இல்ல."

சொல்லும்போது அதை நான் முழுமையாக நம்பினேன். அவள் கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் சுண்ணாம்பு ஒரு கோடாக ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அவளும் கணவரும் மகளுமாக மூவரும் வந்தார்கள். கணவர் மெலிந்த மனிதர். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். ரேஷன் அட்டைக்குப் போடும் பிளாஸ்டிக் உறையிலிருந்து நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"ஜோத்ஸ்யரே, கடலாஸ் தீந்துபோச்சுன்னு இவகிட்டச் சொன்னீங்களாம். இதென்ன? இந்த மூணு தாளும் பொறவு மொளச்சதா?"

குரு தசை முற்றிற்று என்ற வரி பக்கத்தின் நடுவில் இருந்தது. அதன்கீழே சுபம். அதன்கீழே, எப்போதும் நான் இடும் ஒரு நேர்க்கோடு. மீதிப் பாதிப் பக்கம் வெறுமை. அதற்கும் அப்பால் மூன்று தாள்கள், ஓரம் பழுத்து, எழுத்தின்றிக் கிடந்தன.

என் கையெழுத்துதான். அடித்தல் இல்லை, தயக்கம் இல்லை. ஒருவர் தம் வேலையை முடித்துவிட்டு எழுந்ததைப்போல் அவ்வளவு நிதானமாக அந்தக் கோடு இழுக்கப்பட்டிருந்தது. ஏன் நிறுத்தினேன்? யாரேனும் கீழிருந்து கூப்பிட்டார்களா? முகூர்த்தம் பார்க்க அவசரப்படுத்தினார்களா? எவ்வளவு முயன்றும் நினைவுக்கு எட்டவில்லை. அதனினும் கொடியது இன்னொரு கேள்வி. இவ்வூர் வழக்கத்தை நான் அறிந்தது அந்த நோட்டை எழுதுவதற்கு முன்பா, பின்பா? வந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அறிந்திருக்கலாம். அறிந்து, எதையோ கண்டு, அதை மறந்தும் போயிருக்கலாம்.

பழைய பதிவேட்டை எடுத்து அவர்கள் எதிரிலேயே மீண்டும் கணித்தேன். ஆயுளைக் காட்டும் எட்டாம் இடத்தை எனக்குத் தெரிந்த எல்லா வகையிலும் பார்த்தேன். கீழே ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. அரைமணி நேரம் ஆயிற்று.

"ஜாதகத்துல அப்படி எதுவும் எனக்குத் தெரியல, தம்பி. ஏன் நிறுத்துனேன்னு கேட்டா, ஞாபகம் இல்ல. தாள் தீர்ந்துபோச்சுன்னு சொன்னது தப்பு. அடுத்து வர்றது சனி தசை, பத்தொம்பது வருஷம். இப்பவே எழுதித் தர்றேன்."

"இப்போ எழுதுவீங்க. இவ அழுததுக்காக எழுதுவீங்க. அன்னைக்கு யாரும் கேக்காம நிறுத்துனீங்கல்லா, அதாக்கும் சத்தியம்."

அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

அதுவரை சன்னலோரம் நின்ற மகள் நோட்டின்மேல் குனிந்தாள். "அப்பா, இந்த எழுத்தே எனக்கு வாசிக்கத் தெரியாது. மலையாளத்துல உள்ளதுன்னா நானே வாசிச்சு உங்களோட வழக்குப் போட்டிருப்பேன்."

"மிண்டாதிரு" என்றார் அவர். அதட்டலில் வலுவில்லை.

அப்போது மனைவி தன் பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்து, கணவரின் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பழுப்புத்தாள் அட்டை, முனைகள் மடங்கியிருந்தன.

"சரி. உங்க புஸ்தகம் சத்தியம். நான் தர்க்கிக்கல. இது என் புஸ்தகம், எங்க அப்பா எழுதி வாங்குனது. ஐயா, எதுவரைக்கும் இருக்குன்னு இவருக்கு வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தேன். நாகர்கோவில் பக்கத்துக் கணிதர் ஒருவர் எழுதியது. எழுபத்தெட்டு வயது வரை ஒரு தசையும் விடாமல் இருந்தது.

"கேட்டீங்களா? எழுபத்தெட்டு. இதும் அதே கிரகந்தானே? உங்களக் கொண்டுபோற சனி என்னைய எழுபத்தெட்டு வரைக்கும் விட்டு வச்சிருக்கான். நீங்க போனா அந்தப் பிள்ளைக்கு ஆளில்லைன்னு யாரு சொன்னா? நான் ஆளில்லையா? பத்தொம்பது வருஷமா உங்க கடைசித் தாளையே பாத்துட்டு இருந்தீங்க. என் புஸ்தகத்த ஒரு தடவ தொறந்தீங்களா?"

அவர் அவள் நோட்டைக் கையில் எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் தேடிப் பார்த்தார். நிறைந்திருந்த எழுத்தின்மேல் ஒரு விரலை ஓட்டினார். உண்மையில் அவர் அதை ஒருநாளும் திறந்ததில்லை என்பது அந்த விரலில் தெரிந்தது.

"அப்போ எனக்குப் பொறவு இவ முப்பத்தஞ்சு வருஷம் சொகமா இருப்பாளாக்கும்" என்றார் என்னைப் பார்த்து.

"சொகமா எங்க? இதே சுக்குப் பொடிக்குள்ளதான்" என்றாள் அவள்.

மகள் சிரித்துவிட்டாள். அவரும் மூக்கால் ஒரு சிரிப்பு விட்டார். பிறகு இரண்டு நோட்டுகளையும் மூடி, அவள் நோட்டைத் தம் நோட்டின்மேல் வைத்தார்.

"மோளே, திங்களாழ்ச்ச எத்தன மணிக்குக் காலேஜில நிக்கணும்?"

"ஒம்பதுக்கு."

"அப்போ ஆறரைக்காவது பஸ்ல ஏறணும். வழியில வண்டிங்க பிளாக்கு இருக்கும்."

எழுந்தார்கள். நோட்டை உறையில் இட அவர் முனைந்தபோது, சனி தசையை எழுத நான் மீண்டும் கேட்டேன். வேண்டாம் என்று கையை அசைத்தார்.

"அது அப்படியே கிடக்கட்டும். அன்னைக்கு என்ன கண்டீங்கன்னு என்னைக்காவது ஓர்மை வந்தா, எனக்குச் சொல்லி விடுங்க. இவகிட்ட வேண்டாம்."

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். விடியலில் தாய் அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டுக் கிடங்குக்கு வருவதைப் பார்க்கிறேன். திருப்பூணித்துறைப் பையன் வேறு இடம் பார்த்துக்கொண்டதாகக் கேள்வி.

நினைவு எனக்கு இன்னும் வரவில்லை. சனி இந்நாள்களில் வக்கிரகதியில் இருக்கிறான். வந்த வழியே பின்னோக்கி நகர்வதாக வானில் தோன்றும் நிலை அது. கணிதப்படி அவன் எங்கும் நிற்பதில்லை, திரும்புவதும் இல்லை. நாம் நிற்கும் இடம் நகர்வதால் அப்படித் தெரிகிறது. இதை நூறு பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் என் கை ஒருமுறை நின்றது. அது தோற்றமா, நிகழ்ச்சியா என்று சொல்லும் நூல் என்னிடம் இல்லை. பதிவேட்டைப் புரட்டினேன். அதில் கட்டங்கள் மட்டுமே உள்ளன. எந்த நோட்டை எந்தத் தசையில் முடித்தேன் என்ற குறிப்பு இல்லை. தொடக்க ஆண்டுகளில் நான் எழுதிக் கொடுத்த நோட்டுகள் கும்பளங்கி வரை பல வீடுகளில் இருக்கும். அவற்றில் எத்தனை நோட்டுகளின் கடைசிப் பக்கத்தை ஒருவர் பார்த்துவிட்டு, பேசாமல் மூடிவைத்திருக்கிறார் என்று அறிய வழியில்லை.

அவள் கணவர் நாள்தோறும் காலையில் சேறு அள்ளும் தகரத் தள்ளுவண்டியை என் சன்னலுக்குக் கீழே தள்ளிக்கொண்டு போவார். அதன் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டி, "ஜோத்ஸ்யரே, நான் இங்கதான் உண்டு!" என்று கூவுவார். கிடங்குப் பெண்கள் சிரிப்பார்கள். அவர் மனைவி மட்டும் தலை நிமிரமாட்டாள். அவர் கூவுவதற்கு வெகு முன்பே நான் சன்னலருகே வந்து நிற்கத் தொடங்கிவிட்டேன்.

இன்று காலை மழை. வண்டி வரும் நேரம் கடந்துவிட்டது. கீழே அவள் முறத்தின் ஓசை கேட்டது. அவள் புடைத்துக்கொண்டிருக்கும்வரை எதுவும் நடந்திருக்காது என்று அந்த ஓசையைப் பற்றிக்கொண்டு நின்றேன். ஓசை ஒருமுறை நின்றது, மீண்டும் தொடங்கியது. அதற்குள் நான் மழையில் தலையை நீட்டிக் கீழே எட்டிப் பார்த்திருந்தேன்.

பிறகு வண்டி வந்தது. தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருந்தார். இன்று கூவவில்லை, தட்டவும் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, இரு கைகளின் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். மடக்கிக்கொண்டு, ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.

நான் தலையசைத்தேன். குரு தசை முடிய என் கணக்கிலும் பதினொரு நாள்கள்தாம்.