ஊறுகாய் போத்தலில் போன ரப்பர் பால்

இன்று மகளுடைய பள்ளியில் அறிவியல் விழா. ரப்பர் பாலை எது சீக்கிரம் உறைய வைக்கும் என்பதுதான் அவளுடைய ஆய்வு. எலுமிச்சை, புளி, அன்னாசி என்று வீட்டில் செய்து பார்த்து அட்டவணை எல்லாம் தயார்.

காலையில், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பாலை, காலி ஊறுகாய் போத்தலில் ஊற்றிக் கொடுத்தது நான்தான். நன்றாகக் கழுவிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

மண்டபத்தில் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளைக் கட்டி.

"என்னம்மா இது? நான் ஒண்ணுமே ஊத்தலையே, அதுக்குள்ள கட்டியாயிருச்சு!"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கும்தான். அதற்குள் நடுவர் வந்துவிட்டார்.

"எதும்மா சீக்கிரமா உறைய வச்சது?"

மகள் கட்டியை இழுத்து முகர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மா கழுவுன ஊறுகாய் போத்தல் சார். கொஞ்சூண்டு புளிப்பு ஒட்டியிருந்தாலே போதும் போல."

அவர் சிரித்துக்கொண்டே அட்டவணையை முழுசாகப் பார்த்தார். மூன்றாம் பரிசு!

கட்டி இப்போது எங்கள் வரவேற்பறையில், சான்றிதழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு நாளில் அது எப்படி நாறும் என்று ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

அவளிடம் யார் சொல்லப்போகிறீர்கள்?