சிவப்புக் குண்டூசி நின்ற இடம்

1984 கோடை விடுமுறை. தர்மபுரி மாவட்டத்தில், அரூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில் நடந்தது இது. அப்போது நான் தர்மபுரியில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஆனால் அந்தப் படிப்பு நின்றுவிடும் நிலையில் இருந்தது. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். வழியெல்லாம் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் காலேஜ் இருக்கும் நாட்களில் வீடு திரும்பும்வரை நான் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வந்து இரண்டு முறை படுத்துவிட்டேன். ஏன் வந்தது என்று வீட்டில் சொல்ல வெட்கம். பஸ் அலைச்சல் என்றே நினைத்தார்கள். இன்னொரு முறை படுத்தால் படிப்பு போதும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து கட்டடக்கலை மாணவர்கள் நான்கு பேர் எங்கள் ஊருக்கு வந்து தங்கினார்கள். பஞ்சாயத்தில் புதிதாக பஸ் ஸ்டாண்ட் கட்ட முடிவாகியிருந்தது. வரைபடம் நாங்கள் போட்டுத் தருகிறோம் என்று அவர்களாகவே கேட்டு வாங்கிய வேலை. அவர்களுடைய உற்சாகத்தைப் பார்க்கவே கூட்டம் கூடும். உச்சி வெயிலில் புளியமரத்தடியில் நின்று, நிழல் விழும் இடத்தைச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு வைப்பார்கள். வேலிக்கு நட்டிருக்கும் கல்தூண்களைப் பொன்னைத் தொடுவதுபோல் தடவிப் பார்ப்பார்கள். அவர்களில் தாடி வைத்த ஒருவர் பேச ஆரம்பித்தால் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும். "சின்ன ஊருன்னா தகரக் கொட்டகைதான் போடணுமா? இந்த ஊருக்கும் நாளைய கட்டடம் வேணுங்க" என்பார். இன்னொருவர் பேண்ட் போட்டு சைக்கிளில் சுற்றிய பெண். ஊரே அவரைப் பற்றிப் பேசியது. நான் அக்கா என்று கூப்பிட்டு ஒட்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டையில் செய்த பஸ் ஸ்டாண்டைப் பள்ளிக்கூட ஹாலில் கொண்டுவந்து வைத்தார்கள். அப்படி ஒரு அழகு! பறவை சிறகு விரித்த மாதிரி கூரை. சுவரில் வட்ட வட்டமாகத் திறப்புகள். அக்கா ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, டார்ச் விளக்கை சூரியன்போல் மெதுவாக நகர்த்தினார். உள்ளே தரையில் ஒளி வட்டங்கள் ஊர்ந்து போயின. "அடேங்கப்பா!" என்றது கூட்டம்.

பிறகுதான் வேடிக்கை. வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு குண்டூசி கொடுத்தார்கள், தலையில் கலர் காகிதம் சுற்றியது. "இதுதான் நீங்க. பஸ்ஸுக்கு வந்தா எங்கெங்க போவீங்களோ, நடத்திக் காட்டுங்க" என்றார் தாடிக்காரர்.

கடலைக்காய் வியாபாரி ஒருவர் நேராக டீக்கடைக்குப் போய்க் குத்தினார்.

"அவன் வூட்டுக்கே போவ மாட்டான், அங்கியே நட்டு வெச்சுருங்க!" என்று யாரோ கத்த, ஹாலே சிரித்தது.

பஞ்சாயத்துத் தலைவர் தன் ஊசியை ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தார்.

"தலைவருக்குச் சீட்ட வுட்டு எந்திரிக்க மனசு வராதுங்களே!" என்றது இன்னொரு குரல்.

அடுத்தது நான். சிவப்புக் குண்டூசி. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடத்திக்கொண்டு வந்தேன். பெண்களுக்கான கழிப்பிடம் பின்மூலையில், சாராயக்கடைச் சந்துக்கு எதிரே வாசல் வைத்து இருந்தது. கூரையின் அழகு கெடாமல் தள்ளி வைத்திருந்தார்கள். என் ஊசி பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஏன் நின்னுட்டா?" என்றார் தாடிக்காரர், ஊசியைக் காட்டி.

ஹால் முழுக்க ஆண்கள். கடைசி வரிசையில் அப்பா. சொல்லாமல் விட்டால் கட்டடம் இப்படியே எழும்பிவிடும் என்று தோன்றியது.

"அந்தச் சந்தத் தாண்டி அவ போவ மாட்டா. அதனால அவ காலையில இருந்து தண்ணியே குடிக்கல."

ஆண்களுக்குச் சட்டென்று புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "நானும் இங்க வந்ததுல இருந்து பகல்ல குடிக்கிறதில்ல" என்றார் அவர், சத்தமாக.

தலைவர் சிரித்தார். "ஏம்ப்பா, கக்கூசு எங்க வெக்கிறதுன்னு பாக்கவா மெட்ராஸ்ல இருந்து வந்தீங்க?"

"ஆமாங்க ஐயா, அதுக்குத்தான் வந்தோம். இப்பதான் தெரிஞ்சுது" என்றார் தாடிக்காரர். இரவு பகலாகச் செய்த அந்த அழகான அட்டையில், எல்லோர் முன்னாலும் பிளேடை வைத்து அறுத்தார். பின்மூலை அறையைப் பெயர்த்தெடுத்து, பெண்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வாசலை உள்பக்கம் திருப்பினார். கூரையின் ஒரு சிறகு குட்டையாகிப்போனது. அவர் முகத்தில் வருத்தம் துளிகூட இல்லை. பரிசு வாங்கியவர்போல் சிரித்தபடி, "இப்ப நடத்துங்கம்மா" என்றார். ஊசி நிற்காமல் போய்வந்தது. தங்கள் வேலையை இவ்வளவு நேசிக்கிறவர்கள்தான் அதை இவ்வளவு தைரியமாக வெட்டவும் முடியும் என்று அன்று பார்த்தேன்.

வீடு திரும்பும்போது அப்பா முன்னால் நடந்தார். திட்டு விழும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். எங்கள் கொல்லை வரப்பில் ஏறும்போது, "இத்தினி நாளும் தண்ணி குடிக்காமயா கண்ணு போயிட்டு வந்த?" என்றார். படிப்பை நிறுத்தும் பேச்சு அதன்பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை. நான் பட்டம் வாங்கினேன்.

பஸ் ஸ்டாண்டும் இரண்டு வருடத்தில் கட்டி முடிந்தது. செலவு கட்டுப்படியாகவில்லை என்று சிறகுக் கூரை தட்டைக் கூரையாகிவிட்டது. வட்டத் திறப்புகளும், உள்பக்கம் திரும்பிய அந்த வாசலும் அப்படியே இருக்கின்றன. காலேஜுக்குப் போகும் பெண்கள் அங்கே குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கிறேன்.

இன்றைக்கும் எந்த ஊரில் எவ்வளவு அழகான கட்டடத்தைப் பார்த்தாலும், மனசுக்குள் அந்தச் சிவப்புக் குண்டூசியை அங்கே ஒருமுறை நடக்க விடுகிறேன். அவள் எங்கும் தயங்கி நிற்காமல் போய்வந்த பிறகுதான் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறேன்.